ஜோடி கட்டிய போல்ட்டுகள்

யோசனை சொல்வதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் சைக்கிள் மிதித்தவன் நான். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வரை சின்னச் சின்னப் பட்டறைகள். சிறுதொழில்களைத் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்று ஐம்பதுகளில் அரசாங்கம் எங்களைப் போன்றவர்களை அனுப்பி வைத்தது. படிவம் நிரப்பித் தருவேன், வரைபடம் படிக்கச் சொல்லித் தருவேன், எந்த இயந்திரம் தவணையில் கிடைக்கும் என்று விளக்குவேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. நாலாவது பட்டறை போய்ச் சேர்வதற்குள் என் குரல் எனக்கே சலித்துவிடும்.

தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறை. அதை நடத்தியவரை எல்லாரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். காசிமேட்டுப் படகுகளுக்கு போல்ட் கடைந்து கொடுப்பார். ஒரு லேத்து, நாலு ஆட்கள். நான் போனால் வாசலிலேயே ஸ்டூல் போட்டு டீ வரவழைப்பார். உள்ளே ஒரே சூடு, இரும்புத் தூள். நானும் வாசலிலேயே உட்கார்ந்து காகிதங்களை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்படி ஏழு தடவை.

எண்ணூர்ப் பக்கம் வேலை எடுத்திருந்த ஓர் ஒப்பந்தக்காரருக்கு ஐந்நூறு போல்ட் தேவைப்பட்டது. அந்த ஆர்டரைப் பாய்க்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மாதிரிக்கு ஒரு ஜோடி அனுப்பினோம். நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது, ஒப்புக்கொண்டார்கள். இந்த வேலைக்காகப் பாய் இரண்டு மாதம் படகுக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். சரக்கு தேறினால் மேற்கொண்டு ஆர்டர் வரும். தேறாவிட்டால் வேறு பட்டறைக்குப் போன வாடிக்கை திரும்பாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சரக்கை ஒப்பந்தக்காரரின் கிடங்கில் இறக்கிய அன்று நானும் போயிருந்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் நட்டைப் பூட்டி, கழன்று விடாமல் சணலால் கட்டி, எண்ணெய் தடவி அடுக்கியிருந்தார் பாய். நல்ல மனுஷன், எவ்வளவு பதவிசாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சரக்கைச் சரிபார்க்கும் மேஸ்திரியின் ஆட்கள் சணலை அறுத்தார்கள். நட்டுகளைக் கழற்றி ஒரே கூடையில் கொட்டினார்கள்.

"கலக்காதே! டேய், கலக்காதே!" பாய் ஓடினார். "இன்னா வேல பண்றீங்க? ஒவ்வொண்ணுக்கும் அது அதுக்குன்னு நட்டு கீது!"

மேஸ்திரி கூடையிலிருந்து ஒரு நட்டை எடுத்து ஒரு போல்ட்டில் வைத்தார். ஏறவில்லை. வேறொன்று ஏறி லொடலொடத்தது. "எந்த நட்டு எடுத்தாலும் எந்த போல்ட்லயும் ஏறணும் பெரியவரே," என்றார்.

படகு வேலை வேறு. அங்கே ஒரு போல்ட், அதற்கு ஒரு நட்டு, அவ்வளவுதான். திருகு மரை போடும் கருவி தேய்ந்து, மரை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விழுந்தாலும் பாய் ஒவ்வொரு நட்டாகப் பூட்டிப் பார்த்து, அரத்தால் ராவி, அந்த ஒரு போல்ட்டுக்குச் சேர்த்துவிடுவார். ஐந்நூறையும் அப்படியே சேர்த்திருக்கிறார். பட்டறைக்குள் அரை மணி நேரம் நின்றிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்.

பாய் தரையில் உட்கார்ந்து ஜோடி தேட ஆரம்பித்தார். இனிப் பயனில்லை என்று தெரிந்தும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். வெயில் ஏறியது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சேரவில்லை.

"இத்த நீ மின்னாடியே சொல்லிர்க்கலாமே சார்," என்றார். கோபமே இல்லை குரலில். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் என் மேலதிகாரி கூப்பிட்டார். "யார் தப்புன்னு எழுதிக் குடுங்க. நம்ம பக்கம் தப்புன்னா, ஒப்பந்தக்காரர்கிட்ட பேசி, பட்டறைக்காரருக்கு மறுபடி செஞ்சு குடுக்க இன்னொரு தவணை வாங்கலாம். அவர் தப்புன்னா நம்ம உதவிப் பட்டியல்லேருந்து அவரை எடுத்துட வேண்டியதுதான்."

அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன். பேனாவை எடுத்து, 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாற்காலி கிடைத்தது.