மூன்று புள்ளிகளும் உழவாரன்களும்

"திருமதி ரோஸ்விதா நீட்னர் தேவையற்றதைத் தேவையானதிலிருந்து பிரித்தறிவதில் கூர்மையுள்ளவர். மேலதிகாரிகளுடன் முரண்பட்டதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் காப்பகத்தின் நூல் எதிலும் ஒரு பென்சில் கோடுகூட இட்டதில்லை."

ஓய்வுபெற்ற நாளில் கடிதக் காப்பகம் அவளுக்கு அளித்த நற்சான்றிதழ் இது. முதல் வாக்கியம் அவளுக்குச் செய்யப்பட்ட அவமானம் என்பது எழுதியவருக்குத் தெரியாது. மூன்றாவது வாக்கியம் பொய் என்பதும் தெரியாது.

சாலே ஆற்றங்கரையில், இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு கவிஞர் குடியிருந்த வீடுதான் காப்பகம். அவர் கவிதைகளை யாரும் படிப்பதில்லை. கடிதங்களை மட்டும் பதினோரு தொகுதிகளாக அச்சிட்டிருந்தார்கள். அவற்றைத் தட்டச்சு செய்தவள் ரோஸ்விதா. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பதிப்பாசிரியர் டாக்டர் ஏரன்ஃப்ரீட் காகிதத் தட்டுப்பாட்டையும் இலக்கியத்தையும் சேர்த்தே யோசிக்கிறவர்.

"மழை, வெயில், குருவி வந்துச்சு, செர்ரி பூத்துச்சு, இதெல்லாம் கவிஞருக்கும் வரும், கறிக்கடைக்காரருக்கும் வரும். வெட்டுங்க நீட்னரம்மா. மூணு புள்ளி போதும்."

வெட்டினாள். வெட்டுவதற்கு முதலில் படித்தாக வேண்டும் அல்லவா? அந்த வரிகளை உலகத்திலேயே கவனமாகப் படித்தவள், அவற்றை நீக்கியவள்தான். 'வடக்குக் கூரைவிளிம்பில் உழவாரன்கள் இன்று வந்தன, போன வருடத்தைவிட ஒரு நாள் முன்னதாக.' உழவாரன் என்பது கூரை இடுக்குகளில் கூடு கட்ட வருடந்தோறும் வந்துபோகும் சிறு பறவை. இப்படி வருடந்தோறும் ஒரு வரி. ஏதோ ஒரு மே மாதத்தில் அவள் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கவிஞர் சொன்ன அதே விளிம்பில், அதே இடுக்குகளுக்குள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த களைப்பு துளியும் இல்லாமல் அவை புகுந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் பார்த்தாள். "இந்த வருஷம் ரெண்டு நாள் லேட்டு" என்று உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்வாள். எழுதிவைத்ததில்லை. அதுதான் கவிஞரே எழுதிவிட்டாரே.

அவள் வேலையின் கடைசி வருடம், ஜனவரியில், கூரையைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. விளிம்பு இடுக்குகளை எல்லாம் தகடு வைத்து அடைக்கப் போகிறார்கள். ரோஸ்விதா இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த குவாண்ட் நல்ல மனிதர், அதாவது காகிதத்தை நம்புகிற மனிதர்.

"குளிர்காலத்துல வந்து குருவி இருக்குங்கறீங்க. நான் எதைப் பார்க்க? ஏதாவது எழுத்துல இருக்கா?"

"இருநூறு வருஷமா இருக்கு. கவிஞர் கடிதத்துலயே இருக்கு."

"அடேயப்பா! அப்ப பக்க எண் போட்டுக் கொடுங்க, நானே வேலையை நிறுத்தறேன்."

காப்பகத்துக்குத் திரும்பித் தொகுதிகளைப் புரட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மே மாதக் கடிதங்களில் எல்லாம் மூன்று புள்ளிகள். அவள் விரல் வைத்த புள்ளிகள். மூலக் கடிதங்களோ, கூரை வேலையை முன்னிட்டு டிசம்பரிலேயே பெட்டிகளில் அடைபட்டு வேற்றூர்க் கிடங்குக்குப் போயிருந்தன. அக்டோபருக்கு முன் திறக்க அனுமதியில்லை.

குவாண்ட் ஐந்தாம் தொகுதியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"மூணு புள்ளியைக் காட்டி நான் எப்படிம்மா சாரத்தை இறக்கச் சொல்றது? சரி, நீங்க பார்த்ததையாவது தேதி போட்டு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"முப்பது வருஷம் பார்த்திருக்கீங்க!"

"பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

ஏப்ரலில் தகடு அடித்து முடித்தார்கள். மே மூன்றாம் தேதி அவை வந்தன. வந்த வேகத்திலேயே சுவரில் மோதின, விலகின, வட்டமடித்து மறுபடியும் அதே இடத்தில் மோதின.

இன்னும் பிரிக்காத சாரத்தின் மேலிருந்து தொழிலாளி யோகன் கத்தினான். "என்ன நீட்னரம்மா, இதுங்களுக்குக் கண்ணு தெரியாதா? வெறும் சுவத்துல வந்து முட்டுதுங்க!"

"அங்கதான் வாசல் இருந்துச்சு."

மோதியவற்றில் ஒன்று முற்றத்தில் விழுந்தது. உழவாரனால் தரையிலிருந்து எழும்ப முடியாது. எடுத்து உள்ளங்கையில் வைத்து உயரத் தூக்கிப் பிடித்தாள். கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். அது பறக்கவில்லை.

குவாண்ட் நேரில் வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "இப்ப கூடு இல்லையே. இல்லாத கூட்டுக்கு நான் எப்படி உத்தரவு போட?" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அக்டோபரில் கடிதங்கள் திரும்பி வந்தன. ஓய்வுக்கு மூன்று மாதம் மீதி இருந்தது. பதினோரு தொகுதிகளிலும், தான் மூன்று புள்ளி வைத்த ஒவ்வோர் இடத்துக்கு எதிரேயும், வெட்டிய வரியை ரோஸ்விதா நீட்னர் பென்சிலால் எழுதினாள். கடைசித் தொகுதியின் கடைசி வெற்றுத்தாளில் மே மூன்று என்று தேதியிட்டு, "வடக்குச் சுவர். வந்தவை ஒன்பது. தங்கியவை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.