செம்பனின் வாய்க்கம்பி

பாக்கியரத்தினத்துக்கு மீசை பெரிது. ரோசம் அதைவிடப் பெரிது. திருகோணமலைக் கடைத்தெருவில் குதிரைவண்டில் ஓட்டிய நாலைந்து பேரில் தனக்கு நிகர் எவனுமில்லை என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் அப்படி எண்ணவில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை.

ஜப்பான்காரன் வரப்போகிறான் என்ற கதை ஊரெல்லாம் அடிபட்ட அந்த வருஷம், மாற்றலாகிப் போன கடற்படைத் துரை ஒருவர் தன் குதிரையை அவரிடம் விட்டுப்போனார். செந்நிறம், மலைபோல உடம்பு. செம்பன் என்று இவரே பெயர் வைத்தார். கொண்டுவந்த குதிரைக்காரன் கடிவாளத்தையும் கையில் கொடுத்தான். குதிரையின் வாய்க்குள் போகிற கம்பி தடிப்பாக, தோல் சுற்றி இருந்தது.

“இதையே போடுங்கோ. ஆள் பெலசாலிதான், ஆனா வாய் நோவு தாங்காது. நீங்கள் இழுத்தா அவனும் இழுப்பான். விட்டுக்குடுத்தா சொன்னபடி கேப்பான்,” என்றான்.

பாக்கியரத்தினம் அதைத்தான் போட்டார், ஒரே ஒரு நாள். வண்டில்கள் நிற்கிற இடத்தில் சரீப் குனிந்து செம்பனின் வாயைப் பார்த்தான். அவனும் வண்டில்காரன்தான், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

“என்ன பாக்கியண்ணே, குதிரைக்குக் கைப்புள்ளச் சூப்பியா குடுத்திருக்கீங்க?”

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாக்கியரத்தினத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று. நேரே கொல்லனின் கம்மாலைக்குப் போய் முறுக்கிய கம்பி ஒன்று அடிப்பித்துக்கொண்டு வந்தார். மறுநாள் சந்தியில் கடிவாள வாரை ஒரே சுண்டுச் சுண்ட, செம்பன் கழுத்தை வளைத்து நின்றான். சரீப் தன் வண்டிலை ஒதுக்கி வழி விட்டான். பாக்கியரத்தினத்துக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மாலையில் புல் போடும்போதுதான் கடைவாய் கிழிந்திருந்ததைக் கண்டார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினார். என்ன காயம் என்று மனைவி புஷ்பவதி கேட்டாள்.

“புல்லு கிழிச்சுப்போட்டுது,” என்றார்.

பொய் சொன்ன வாயோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் விடிந்ததும் அதே கம்பியைத்தான் மாட்டினார். சரீப் பார்த்துக்கொண்டிருப்பானே! வாய் நொந்த செம்பன் இழுக்கத் தொடங்கினான். இவர் அதைவிட இழுத்தார்.

வருஷப்பிறப்புக்குக் கிட்ட, துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஊர் கலைந்து ஓடியது. பக்கத்து வீட்டு ஜமால்தீனுக்குத் துறைமுகத்தில் வேலை. விட்டுவிட்டு வர ஏலாது. நிறைமாதமாயிருந்த மனைவி றஹ்மாவையும் அவள் உம்மா மைமூனாவையும் துறைமுகத்துக்குத் தள்ளியிருந்த தம்பலகாமத்தில் சேர்த்துவிடும்படி வந்து நின்றான்.

“உங்களை நம்பித்தான் அனுப்புறன், அண்ணே.”

“பயப்பிடாதை. என்ரை கைக்குள்ளை குதிரை அசையாது,” என்றார் இவர்.

கண்டி வீதியில் பட்டாள லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. செம்பன் மிரண்டான். பாக்கியரத்தினம் இரண்டு கையாலும் வாரை இழுத்தார். நோவு பொறுக்காத குதிரை நாலு காலில் பறந்தது. இழுக்க இழுக்க ஓட்டம் கூடியது. மைமூனா அல்லாஹ்வைக் கூப்பிட்டு அலறினாள். றஹ்மா வயிற்றை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வண்டிலுக்குள் உருண்டாள். நல்லகாலம், ஒரு சில்லு மணலில் புதைந்து வண்டில் நின்றது.

றஹ்மா தானாகவே இறங்கி முன்னால் வந்தாள். செம்பனின் வாயிலிருந்து நுரையும் இரத்தமுமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாக்கில் ஆழமான வெட்டு.

“கழட்டுங்க, அண்ணே.”

“கழட்டினா பிடிக்க ஏலாது, புள்ளை.”

“இப்ப மட்டும் புடிச்சீங்களா? கழட்டாட்டி நான் ஏற மாட்டேன்.”

அவர் கழற்றினார். வாரை மூக்குப்பட்டியில் கட்டினார். சில்லைக் கிளப்பி, ஏறி உட்கார்ந்து, பயந்து பயந்து வாரைத் தளர்த்திப் பிடித்தார். செம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டு தம்பலகாமம் வரைக்கும் நடையாகவே நடந்தான். வழியெல்லாம் பாக்கியரத்தினம் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை.

தம்பலகாமத்தில் முதலில் எதிர்ப்பட்டவன், குடும்பத்தோடு முந்திக்கொண்டு வந்திருந்த சரீப். செம்பனின் வாயில் கம்பி இல்லாததைக் கண்டு அசந்துபோனான்.

“கம்பியே இல்லாம இந்தக் குதிரையக் கொண்டுவந்துட்டீங்களே! பாக்கியண்ணே, இனி உங்களுக்கு மேல ஆளில்ல!”

சுற்றிக் கூட்டம் கூடியது. எத்தனை வருஷமாக ஏங்கிய சொல் அது! நடந்ததைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயால் சிரித்துவிட்டார். உம்மாவின் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த றஹ்மா ஒரு முறை அவரைப் பார்த்தாள், பிறகு செம்பனின் வாயைப் பார்த்தாள்.

கதை பரவியது. போகிற இடமெல்லாம் அவருக்கு மரியாதை. மரியாதை ஒவ்வொன்றும் அவரைச் சுட்டது. றஹ்மாவின் பிள்ளைக்கு முடியிறக்கிய விருந்தில் ஜமால்தீன் அவரை நடுவில் இருத்தினான். கம்பியில்லாமல் ஓட்டிய கதையைச் சரீப் வழியெல்லாம் கூட வந்தவன்போலச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

றஹ்மா பிள்ளையோடு உள்வாசலில் நின்றாள்.

“அண்ணே, அந்தச் சீவனுக்கு வாய் ஆறிட்டா?”

அன்று காலையும் செம்பன் ஒரு பக்கத்தால்தான் புல் மென்றான்.

“ஆறிட்டுது, புள்ளை,” என்றார் பாக்கியரத்தினம்.

“நல்லது,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்த சரீப் அவருடைய சோற்றின்மேல் இன்னுமொரு துண்டு இறைச்சி வைத்தான்.