ஆறு வருஷம் குடித்த சூப்

என் மனைவியின் அண்ணன் இறைச்சி தொடமாட்டார். அதற்குப் பின்னால் கொள்கையோ, உயிர்களிடத்தில் இரக்கமோ கிடையாது. வெறும் குமட்டல்தான்.

அவர் பிரிட்ஜ், பிரீசர் பழுது பார்ப்பவர். இருபத்து மூன்று வயதில் ஓர் இறைச்சிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். நீண்ட விடுமுறை ஒன்றில் அங்கே குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோய், ஒன்பது நாள் யாரும் கவனிக்கவில்லை. புது ஆள் என்பதால் கதவைத் திறக்க இவரைத்தான் அனுப்பினார்கள். உள்ளே பார்த்ததை அவர் விவரமாகச் சொன்னதே இல்லை. ஒரே ஒரு முறை, என் கல்யாணம் முடிந்த புதிதில், ஏன் மச்சான் கறி வேண்டாங்கறீங்க என்று நான் நச்சரித்தபோது, "தரையே நகர்ந்துச்சு மாப்பிள்ளை, அவ்வளவு புழு" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. முடியில் ஏறிய வாடை நான்கு முறை குளித்தும் போகவில்லையென்று, கதவைத் திறந்த அன்றைக்கே தலையை மழித்துக்கொண்டாராம்.

எங்கள் ஊர் கல்லூரியை நம்பிப் பிழைக்கும் ஊர். விடுதிகளுக்குப் பின்னால் ஒரு நீளத் தெரு, அதில் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். மச்சான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. எங்கள் வீடு ஊரின் மறுகோடியில். தினமும் வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டால், "தங்கச்சி வீட்டுச் சாப்பாடு ஞாயித்துக்கிழமைன்னாதான் மரியாதை" என்பார். ஆகவே வாரத்தில் ஆறு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தத் தெருதான் கதி.

அந்தத் தெருவில் இறைச்சி சாப்பிடாதவனாக இருப்பது என்ன பாடு என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு கடையில், "கறி இல்லாம என்ன இருக்கு?" என்று கேட்டாராம். பரிமாறுகிறவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "கோழி இருக்கு" என்றாராம். இன்னொரு கடையில் காய்கறி நூடுல்ஸ் கேட்டார். தட்டுக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணோடு ஒரு பொடி இறால் அவரையே பார்த்தது. "அது சின்னதுதானே சார், ஓரமா எடுத்து வச்சிட்டுச் சாப்பிடுங்க." மூன்றாவது கடையில் தக்காளி நறுக்கிய கத்தி, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஈரலை நறுக்கிவிட்டுத் தொடையில் துடைக்கப்பட்ட கத்தி. தட்டின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. "கழுவினா என்ன, கழுவாட்டி என்ன, எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதான போகுது" என்றார் அந்த ஆள்.

இதெல்லாம் போதாதென்று அவர் தொழில் வேறு. வாடிக்கையாளர்கள் கடையின் முகத்தைப் பார்க்கிறார்கள். இவர் பார்ப்பது கடையின் முதுகை. பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தினால் பின்னால் என்ன இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்புப் பூஞ்சையும் முடியும். அடியில் தண்ணீர் வடியும் தட்டில் ஊறிப் பருத்த கரப்பான்கள். புகைபோக்கியின் விளிம்பில் திரண்டு, நேராகக் கீழே இருக்கும் வாணலியில் சொட்டும் பழைய கொழுப்பு. இதைப் பார்த்தபின் அந்தக் கடையில் வாய் வைக்க அவரால் முடியவில்லை. வேலை பார்த்த கடையில் சாப்பிடுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். தொழில் நன்றாக நடந்தது. அதனாலேயே சாப்பிட இடம் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. வாசலில் பச்சைப் பலகையில் 'காய்கறி மட்டும்' என்று எழுதியிருக்கும். அந்தக் கடைக்குச் சொந்தத்திலேயே ஒரு மெக்கானிக் இருந்ததால் மச்சான் அதன் சமையலறையைப் பார்த்ததே இல்லை. முதலாளி, காய்கறிக்குக்கூட வலித்துவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகப் பேசுகிறவர். தினம் இரண்டு மணிக்கு மச்சான் போனால் ஜன்னலோர மேசை, காளான் சூப், ரொட்டி. ஆறு வருஷம். அந்தச் சூப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் பேச்சு ஓயாது. "வெறும் காளான்ல இந்த ருசி வருதுன்னா, இந்த ஜனங்க எதுக்குய்யா எலும்பைக் கடிக்குதுங்க?" என்பார். என் மனைவி இரண்டு முறை அதேபோல் வைத்துப் பார்த்தாள். அவர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது வரல" என்றார். அவள் அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் மேல் இருக்கும் கோபம் என் தலையில்தான் விடியும்.

போன கோடையில், கல்லூரித் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம், அந்த முதலாளி மச்சானைப் போனில் கூப்பிட்டார். பெரிய பிரீசர் நின்றுவிட்டது, அவருடைய மெக்கானிக் வெளியூரில். மச்சான் தயங்கினார். வேலை பார்த்துவிட்டால் இந்தக் கடையும் போச்சே என்ற பயம். "ஆறு வருஷம் சாப்பிட்டிருக்கேன், கஷ்டத்துல கூப்பிடுறாரு. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று என்னையும் துணைக்கு அழைத்தார். பிரீசரை நகர்த்த இன்னொரு கை வேண்டும். எனக்கு அன்று விடுமுறை. போனேன்.

சமையலறை பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இதான் கடை" என்று என் காதில் சொன்னார். பிரீசரின் கனத்தைக் குறைக்க உள்ளே இருந்த பைகளை எடுத்து வெளியே அடுக்கினோம். மேலே பட்டாணி, சோளம். கீழே பெரிய பைகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் 'உருளைக்கிழங்கு' என்று எழுதியிருந்தது. உறைபனி உருகத் தொடங்கியிருந்ததால் பைகள் வழுக்கின. ஒன்று என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து கிழிந்தது.

கிழிசலிலிருந்து உருண்டு வந்தவை கோழிக் கால்கள். நகத்தோடு, மஞ்சளாக, விரல்களை மடக்கிக்கொண்டு. கூடவே கழுத்துகள். ஏதோ ஒரு பெரிய பிராணியின் முட்டி எலும்பு, நடுவில் ரோஜா நிறத்தில் ஈரம். இளஞ்சிவப்புத் தண்ணீர் மெல்ல ஓடி மச்சானின் செருப்பு நுனியைத் தொட்டது. அவர் காலை எடுக்கக்கூட இல்லை.

நிமிர்ந்து அடுப்பைப் பார்த்தார். மூலையில் முழங்கால் உயரப் பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. போய் மூடியைத் தூக்கினார். நுரைக்கு நடுவில் எலும்புகள் புரண்டுகொண்டிருந்தன. பக்கத்தில் காளான் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரம்மா, "மெதுவா சார், கை வெந்துரும். சூப்புக்கு வச்சிருக்கு" என்றார். அவருக்கு இதில் ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

"எந்தச் சூப்புக்கு?"

"எல்லாத்துக்கும்தான். காளான், தக்காளி, சோளம். அடி ருசி இதுதானே."

இதற்குள் முதலாளி ஓடி வந்தார். அப்போதும் குரல் மெதுவாகவே இருந்தது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு துண்டுகூட உங்க தட்டுல விழாது. ரெண்டு தடவ வடிகட்டிருவோம்."

"வடிகட்டி?"

"ஆமாண்ணே. துணியில."

மச்சான் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார். பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. வயிற்றில் எதுவும் மிச்சமில்லாத பிறகும் கேட்டது. நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

ஆனால் அவர் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துவிட்டு, பிரீசருக்கு முன்னால் உட்கார்ந்தார். கம்ப்ரசரை ஓடவைக்கும் ரிலே எரிந்துபோயிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதை மாற்றினார். அவ்வப்போது உடம்பு குலுங்கும், நிறுத்துவார், மூச்சு பிடித்து மறுபடி தொடர்வார். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியதும் எழுந்தார். ஏன் மச்சான், அப்படியே போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று பிறகு கேட்டேன். "அப்படியே விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை" என்றார்.

கூலி வாங்கவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நடுவில் நின்றார். நாலைந்து மேசைகளில் மாணவர்கள்.

"தம்பிகளா, அம்மாமாரே, ஒரு நிமிஷம். இந்தச் சூப்புல எலும்பு கொதிக்குது. இப்பத்தான் கண்ணால பாத்தேன். வேண்டாங்கறவங்க வச்சிடுங்க."

ஒரு மேசையில் ஒருவன், "அதான் இவ்வளவு நல்லா இருக்கா!" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குடித்தார்கள். ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மூணு வருஷமா..." என்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கழுவுமிடத்துக்கு ஓடினாள்.

முதலாளியின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ஆறு வருஷமா நக்கி நக்கிக் குடிச்சீங்களே, அப்ப தெரியலையா? ருசியா இல்லையா? சொல்லுங்க இவங்ககிட்ட!"

வெளியே வந்துவிட்டோம்.

தெருமுனையில் மச்சான் நின்றார். "ஏமாத்திட்டான்கிறதுகூடப் பரவால்ல மாப்பிள்ளை. ஊர்ல யார்தான் ஏமாத்தல. எனக்குப் புடிச்சிருந்துதே. அதைத்தான் தாங்க முடியல. எதைப் பாத்து ஓடி வந்தேனோ, அதையே உக்காந்து ஊதி ஊதிக் குடிச்சிருக்கேன். என் நாக்கு எனக்கே அசிங்கமா இருக்கு."

அன்று மாலை அந்த நாக்கை ரத்தம் வரும்வரை வழித்திருக்கிறார்.

அந்தப் பெண் கல்லூரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தாள். சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மச்சான் போய் வாக்குமூலம் கொடுத்தார். கடை இரண்டு நாள் மூடியிருந்தது. மூன்றாம் நாள் திறந்தபோது பலகையில் சின்ன மாற்றம்: 'மட்டும்' என்பதை வெள்ளையடித்து மறைத்து, மேலே ஒட்டுப் போட்டு 'காய்கறியும்' என்று ஆக்கியிருந்தார்கள். கூட்டம் குறையவில்லை. சூப் பழைய சூப்தான்.

மச்சான் மூன்று வாரம் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார். கன்னம் ஒட்டிப்போயிற்று. மூன்றாம் வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பருப்பும் பீன்ஸும் வைத்திருந்தாள் என் மனைவி. அவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்: "இதுல என்னம்மா போட்ட?"

அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். "நான் உனக்கு எலும்பு போடுவேனா அண்ணா?"

"அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொன்ன? எவனோ செஞ்சதுக்கு என் கைய மோந்து பாக்குறியா நீ?"

அவர் எழுந்து போய்விட்டார். தட்டு அப்படியே இருந்தது. அவள் சமையலறையில் நின்று அழுதாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு, யார் பக்கம் பேசினாலும் உதை விழும் என்று சும்மா இருந்தேன்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, சமையல் தொடங்கும் முன்பே, காலையில் வந்து சமையலறை வாசலில் நின்றார். "உன்ன நம்பாம இல்லம்மா. என் வயிறுதான் யாரையும் நம்ப மாட்டேங்குது. முதல்லேர்ந்து பக்கத்துல நின்னு பாத்தா ஒருவேளை இறங்கும்."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். வேறு யாராவது தன் சமையலைக் கண்காணித்திருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

"சும்மா நின்னு வெறிச்சுப் பாத்தா எனக்குக் கை ஓடாது. இந்தா, வெங்காயம். உரி."

அவர் உரித்தார். அதன் பிறகு பீன்ஸ், கேரட். எல்லாவற்றையும் பைப்பு வெட்டுகிற மாதிரி அளந்து அளந்து ஒரே நீளத்துக்கு வெட்டினார். பத்துமணி வேலை பன்னிரண்டு மணிக்குத்தான் முடிந்தது. நான் பசியில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அன்று அரைத் தட்டு சாப்பிட்டார். பாதியில் ஒருமுறை கண்ணை மூடி, விழுங்கலாமா வேண்டாமா என்று நின்றது தெரிந்தது. விழுங்கிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு, பட்டறைப் பின்புறத்தில் இப்போது ஒரு மின்சார அடுப்பு வைத்திருக்கிறார். அவரே சமைக்கிறார். ஒருமுறை ருசி பார்த்தேன். உப்பில்லாத வேகவைத்த உருளைக்கிழங்கு, உலகத்தில் அதைவிடக் கேவலமான சாப்பாடு கிடையாது. சொன்னேன்.

"எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.