வானம் எது, மூளை எது?

“மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க, மூடப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியக்கா படத்தின் மேல் கண்ணாடியை வைப்பார். படத்துக்குள் இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை. மணமக்களோ, பட்டம் வாங்கியவரோ, போன மாதம் கண்ணை மூடிய பெரியவரோ, யாராக இருந்தாலும் ஒரே மரியாதைதான். படச்சட்டத்துக்கு மரம் அறுப்பது அவர் வீட்டுக்காரர். கண்ணாடி வெட்டுவதும், அட்டை ஒட்டுவதும், படங்களோடு பேசுவதும் அக்கா.

அக்காவின் கொண்டை ஒரு சின்ன அலுவலகம். பென்சில் அங்கேதான் இருக்கும். படத்தோடு வரும் பெயர்ச்சீட்டையும் அங்கேதான் சொருகிக்கொள்வார். வேலை முடிந்ததும் உருவி, சட்டத்தின் கீழே ஒட்டுவார். ஐந்து சீட்டு சேர்ந்தாற்போல் இருந்தாலும் இதுவரை தவறியதில்லை.

“நாயையும் மாப்பிள்ளையையும் யாராச்சும் மாத்தி ஒட்டுவாங்களா?” என்பார்.

“சில வீட்டுல மாத்தினாலும் பாதகமில்ல” என்பார் வீட்டுக்காரர், ரம்பத்தை நிறுத்தாமலே.

போன வாரம் மூளை டாக்டரம்மா இரண்டு படம் கொடுத்தார். ஒன்று, மூளைக்குள் ஓடும் நரம்புகளைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கியது. இன்னொன்று, கோடானுகோடி நட்சத்திரக் கூட்டங்களோடு முழு அண்டத்தையும் ஒரு தாளுக்குள் சுருக்கியது. இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கூடத்தில் திறப்பு விழா. பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் வருகிறார்கள். வேலை பிடித்துப்போனால் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய நாற்பது படமும் இந்தக் கடைக்குத்தான் என்று பேச்சு.

இரண்டையும் மூடியாயிற்று. கொண்டையிலிருந்து இரண்டு சீட்டை உருவினார். ‘மூளை’, ‘அண்டம்’. படங்களைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இரண்டிலும் கருப்புத் தரை, ஊதா நூல் வலை, நூல் கூடும் இடமெல்லாம் மஞ்சள் பொட்டு. இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப்போகும்!

பக்கத்துக் கடை முடிவெட்டுபவரைக் கூப்பிட்டார்.

“இருபது வருஷமா தலையோடதான் பொழப்பு. ஆனா வெளிப்பக்கம் கேளுங்க சொல்றேன், உள்பக்கம் எனக்கெப்படிக்கா தெரியும்?”

எதிர்க்கடைத் தையற்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “எதுவா வேணா இருக்கட்டும். சிக்கெடுக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஏங்க, அண்டமே ஒரு மூளை மாதிரி இருக்குன்னா, நாம யாரோட நினைப்புக்குள்ளயோ கடை போட்டு உக்காந்திருக்கோமா?”

“அப்படின்னா இந்தக் கடைக்கு ஒரு ஜன்னலையும் சேர்த்து நினைக்கச் சொல்லு. வேகுது!”

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் அக்கா. தலை கிறுகிறுத்தது. வீட்டுக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“ஏதோ ஒண்ணை ஒட்டித் தொலைம்மா. தெரியலேன்னு சொன்னா நாப்பது படமும் போயிடும். மாத்தி ஒட்டினா யாருக்குத் தெரியப் போகுது?”

“மூளையையும் வானத்தையும் செஞ்சவருக்குத் தெரியும்ங்க. அவர் முன்னாடி நின்னு நான் என்ன சொல்ல?”

டாக்டரம்மா வந்தார். வீட்டுக்காரர் பலகைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்கா மறைக்கவில்லை. “தப்பு என்னோடதுதாம்மா. எது எதுன்னு தெரியலை.”

“இதுக்கா இவ்வளவு கலவரம்?” டாக்டரம்மா விரலை நீட்டினார். “இது மூளை. நான் தினம் பாக்கறதாச்சே!”

அக்கா பசையைத் தொட்டார். டாக்டரம்மா எதற்கும் இருக்கட்டும் என்று செல்போனில் இருந்த மூலப்படத்தோடு ஒப்பிட்டார். கண் விரிந்தது.

“ஐயையோ, ஒட்டாதீங்க! இது வானம்!”

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. டாக்டரம்மா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு குரலே கிளம்பியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“நல்லவேளை! ஆபரேஷன் மேசையில இதுவரைக்கும் வானம் வந்து படுத்ததில்ல!”

தையற்காரி சிரித்தாள். முடிவெட்டுபவர் சிரித்தார். பலகைக்குப் பின்னால் இருந்தவரும் வெளியே வந்து சிரித்தார்.

“நாப்பதையும் நாளைக்கே அனுப்பறேன்க்கா. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆள் எங்க ஆஸ்பத்திரியிலயே நாலு பேர்தான் இருக்காங்க.”

சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. விக், விக் என்று உடம்பே தூக்கிப்போட்டது. வீட்டுக்காரர் தம்ளரும் கையுமாக ஓடிவந்தார்.

“யாரோ உன்னை நினைக்கறாங்க போல. தண்ணியக் குடி, நின்னுடும்.”

அக்கா தம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார். நெஞ்சில் கையை வைத்து, தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி, அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்.