மேகலா வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

என் மனைவி மேகலாவுக்குப் பிடிவாதம் அதிகம். மலைமேல் இருக்கும் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒற்றை அறையில் உட்கார்ந்து வீட்டுப் பிளான் வரைகிறாள். ஐ.டி.ஐ.யில் படித்த படிப்பு. ஒரு கோடு அரை அங்குலம் தள்ளிப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது. அவளுக்கும்தான்.

2004-இல் மலையடிவாரத்துக் காரவள்ளி பொங்கியண்ணன் மாடி வீடு கட்டக் கிளம்பினார். தோட்டம் துரவு உள்ளவர், ஆறடிக்கு மேல் உயரம். ஓர் ஆட்டைக்கூட நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். வீட்டையும் அதேபோல, கம்ப்யூட்டரில் வாசலிலிருந்து மாடிவரை நடந்து காட்டச் சொன்னார். முடியாவிட்டால் நாமக்கல் இன்ஜினியரிடம் போவாராம். அதுவரை ஓட்டு வீடுகளையே வரைந்துகொண்டிருந்த மேகலாவுக்கு வந்த முதல் மாடி வீடு அது. கைவிட்டுப் போய்விடுமோ என்று இருவருக்குமே பயம்.

எங்கள் கம்ப்யூட்டர் அந்த வீட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் ஓடும் என்றாள். எந்தக் கார்டு என்று அவளுக்கும் தெரியவில்லை. பொங்கியண்ணன் சுலபமாக வழி சொன்னார்: கம்ப்யூட்டர் பெட்டியையே சேலத்துக் கடைக்குத் தூக்கிப்போய், ஒவ்வொரு கார்டாக மாட்டி, நடக்கவிட்டுப் பார்ப்பது.

தூக்கியவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பெட்டி என் வயிற்றில் இடித்தது. காரவள்ளியில் பஸ் ஏறிய பொங்கியண்ணன் பெட்டிக்கு அடி ஏதும் படவில்லையே என்று விசாரித்தார். என்னை விசாரிக்கவில்லை.

சேலத்துக் கடைக்காரர் விளையாட்டுக்குத்தானே என்று கேட்டார். வீடு கட்ட என்றதும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மேகலா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து பொங்கியண்ணனின் கண்வரை அளந்து, அதே உயரத்தில் வீட்டுக்குள் நடக்கும்படி கம்ப்யூட்டரில் போட்டாள். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

முதல் கார்டில் சுவர்கள் நடுங்கின. இரண்டாவதில் கூடமும் சமையலறையும் ஒழுங்காக வந்தன. மாடிப்படியில் மட்டும் படம் கொஞ்சம் நின்றது, அடுத்துப் பார்த்தால் மாடியில் இருந்தோம். பொங்கியண்ணனுக்கு முழுத் திருப்தி, வேலையை ஆரம்பிக்கலாம் என்றே சொல்லிவிட்டார். நான் பெட்டியை மூடப் போனேன். படி ஏறியது தெரியவில்லையே, இதைவிட நல்ல கார்டு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்றாள் மேகலா. நான் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது கார்டில் ஒவ்வொரு படியும் துல்லியமாக வந்தது. ஏழாவது படியில் திரை முழுக்கச் சாம்பல் நிறம்.

"இதென்ன கண்ணு, கரண்ட் போயிருச்சா?" என்றார் பொங்கியண்ணன்.

"படிக்கு மேல வர்ற கான்கிரீட் பீமுங்க. தாழ்வா வரைஞ்சுட்டேன். நீங்க ஏறுனா நெத்தியில இடிக்கும். தப்பு என்னுதுங்க."

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மலையேறிவிடலாம் போலிருந்தது. வீடு கட்டி முடித்த பிறகு இடித்தால் குனிந்து போகச் சொல்லியிருக்கலாம். பொங்கியண்ணன் மறுபடி ஏறிக் காட்டச் சொன்னார். ஏழாவது படி வந்ததும் நாற்காலியில் இருந்தபடியே தலையைக் குனிந்தார். மூன்றாம் தடவை கடைக்காரரும் குனிந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் குனிந்தேன்.

"பீமை மேல ஏத்திரு சாமி. எங்க ஊட்டை நீயே வரைஞ்சு குடு" என்றார் பொங்கியண்ணன்.

மூன்றாவது கார்டோடு திரும்பினோம். அவர் காரவள்ளியில் இறங்கிக்கொண்டார். பஸ் மலையேறத் தொடங்கியதும், அவளுடைய நேர்மையை மெச்சி நான் நாலு வார்த்தை சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"படியில என்னமோ தப்புன்னு எனக்கு ரெண்டாவது கார்டுலயே தெரியுமுங்க. நீங்க இன்னொருக்கா காலை மிதிச்சிருந்தா விட்டிருப்பேன்."