பதினொரு குட்டிகள்

"ஏனுங்க மெஹராஜ், ஏழாம் நம்பர் ஸ்லைடுல பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க?" என்று பயிற்சியாளர் நஞ்சுண்டன் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மெஹராஜ் ஆமாங்க என்றாள். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். இரண்டு தடவை பார்த்தாயிற்று என்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிற தோரணையில் சொன்னார்:

"அது மருந்து போடாத ஸ்லைடுங்க. ஒண்ணு, ரெண்டுக்கு மேல வராது."

மெஹராஜ் மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

"சொல்லிப்போட்டீங்களே சார். இனி இதை நான் எப்படிங்க எண்ணுறது?"

"தெரிஞ்சாத்தானுங்க சரியா எண்ண முடியும்."

"தெரிஞ்சா ரெண்டுதானுங்க வரும். என் கண்ணு உங்களுக்கு மரியாதை குடுத்துப்போடும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. எண்ணிக்கை ஒத்து வராதவர்களுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பக்கத்து மைக்ராஸ்கோப்பில் இருந்த ரித்திகா தலையைத் தூக்கவில்லை.

அன்னூர் சாலையில் இருந்த அந்த ஆய்வகத்தில் மூன்று மாதப் பயிற்சி. ஒரு மருந்தோ சாயமோ உயிரணுவுக்குள் புகுந்து மரபுப்பொருளை உடைக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். உடைந்த துண்டு, உட்கருவுக்கு வெளியே சின்னப் புள்ளியாக ஒதுங்கி நிற்கும். எல்லோரும் அதைக் 'குட்டி' என்றார்கள். ஒரு ஸ்லைடில் இரண்டாயிரம் அணுக்களைப் பார்த்து எத்தனை குட்டி என்று எழுத வேண்டும். எதில் மருந்து, எதில் அதைக் கரைக்கிற வெறும் கரைதிரவம் என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. முதல் நாள் அதைப் பலகையில் எழுதிப்போட்டவரே நஞ்சுண்டன்தான்.

மெஹராஜுக்கு வயது முப்பத்தாறு. கோட்டைமேட்டுக்காரி. போத்தனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடம் அணுக்களை எண்ணியவள். மெஷின் வந்ததும் அவளை வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். உதறிவிட்டு இங்கே வந்தாள். சான்றிதழ் கிடைத்தால் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை காத்திருந்தது. கிடைக்காவிட்டால் மறுபடியும் டோக்கன்தான். உடன் படித்த பிள்ளைகள் அவளைக் கால்குலேட்டர் அக்கா என்று கிண்டல் செய்வார்கள்.

"கால்குலேட்டர் நீ அமுக்குற நம்பரைத்தான் காட்டும் கண்ணு," என்பாள். "நான் காட்ட மாட்டேன்."

மதியச் சாப்பாட்டின்போது ரித்திகா, பேசாமல் இரண்டு என்று போட்டுவிடக் கூடாதா அக்கா என்று கேட்டாள்.  ரித்திகாவுக்கு வந்த நான்காம் நம்பர் ஸ்லைடில் ஒன்பது வந்திருந்தது. அதுவும் மருந்து போடாதது என்று நஞ்சுண்டன் சொன்னது காதில் விழுந்ததும் ஒன்பதை அடித்து இரண்டு ஆக்கியிருந்தாள்.  மெஹராஜ் டிபன் டப்பாவை மூடிவிட்டு நேரே நஞ்சுண்டனிடம் போனாள்.

வகுப்பில் பங்கிட்டிருந்த பத்து ஸ்லைடுக்கும் புது நம்பர் ஒட்டச் சொன்னாள். பத்தையும் தானே முதலிலிருந்து எண்ணுவதாகவும், ஏழில் மறுபடி ஏறக்குறைய அத்தனை வராவிட்டால் சான்றிதழே வேண்டாம் என்றும் சொன்னாள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றார் அவர். நம்பரை ரித்திகா ஒட்டட்டும், உங்கள் கையே பட வேண்டாம் என்றாள். இவள் விடமாட்டாள் என்று தெரிந்துதான் அவர் சம்மதித்திருக்க வேண்டும்.

மூன்று நாள் எண்ணினாள். நான்காம் நாள் காலை எல்லோர் முன்னாலும் ரித்திகா சீட்டைப் பிரித்து, எந்தப் புது நம்பர் எந்தப் பழைய ஸ்லைடு என்று வாசித்தாள். பழைய ஏழில் பன்னிரண்டு. பழைய நான்கில் பத்து. வாசித்து முடித்ததும், தான் முதலில் ஒன்பது எண்ணி இரண்டு என்று எழுதியதையும் சொன்னாள். 

நஞ்சுண்டன் எழுந்து போய்க் கரைதிரவ பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். மருந்து கலக்கிய அதே உறிஞ்சுகுழாயால், பிப்பெட்டால், மீந்த கரைதிரவத்தை உறிஞ்சி, அவரேதான் அதைப் பாட்டிலுக்குள் திருப்பி விட்டிருந்தார். வெறும் கரைதிரவத்திலும் மருந்து கலந்துவிட்டிருந்தது.

"காடு வெள்ளாம பண்ற ஊட்டுல பொறந்தவனுங்க," என்றார் மெஹராஜைப் பார்த்து. "மீந்ததைக் கொட்ட மனசு வரலீங்க."

"இப்பக் கொட்டிப்போடுங்க சார்," என்றாள் மெஹராஜ்.

எல்லாம் முதலிலிருந்து. பயிற்சி மூன்று வாரம் நீண்டது. அதற்காக அவளோடு பேசாமல் இருந்தவர்களும் உண்டு. சான்றிதழில் நஞ்சுண்டன்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது அவள் வேலை செய்யும் இடத்தில், ஸ்லைடைப் பற்றி யாராவது முன்கூட்டியே வாயைத் திறந்தால் விளக்கை அணைத்துவிடுகிறாள் என்று கேள்வி.

ஆனால் ரித்திகாவுக்கு நினைவில் நிற்பது, அந்த மதியம் புது நம்பர் ஒட்டப் பத்து ஸ்லைடுகளோடு தான் அடுத்த அறைக்குக் கிளம்பிய நேரம். மெஹராஜ் கதவு வரை கூடவே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். 

"கண்ணு, ரெண்டாம் நாளே எனக்குப் பயம் வந்துரும். ஏழு எதுன்னு வந்து உன்னையக் கேப்பேன். அழுதாலும் சொல்லிப்போடாத."