சீனக் குடும்பமும் வருகைப் பதிவேடும்

எழுதுவதற்கு ஒரு படிப்பு வேண்டும். என்னிடம் அது இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெண்கள் பள்ளியில் செர்த்திபிக்கா என்ற பள்ளிப் பரீட்சை வரை படித்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், அச்சில் வருவதற்கென்று உட்கார்ந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

பிரெஞ்சுக்காரர் எங்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்து மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை. வீட்டுக்காரருக்கு ஆலையில் வேலை. ஆலை எப்போது ஓடும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் என் வேலைதான் வீட்டுக்குப் பிடிமானம். ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். புதிய விதிகள் வந்திருக்கின்றன, பள்ளிப் பரீட்சைக்கு மேல் எல்லோரிடமும் ஏதாவது ஒரு தாள் இருக்க வேண்டும் என்றார்.

"எதுவா இருந்தாலும் சரி. காலேஜ் பக்கம் போய் ஏதோ கேட்டீங்கன்னு ஒரு சான்றிதழ் இருந்தா, இந்த வருஷத்துக்கு நான் உங்களை வெச்சுக்க முடியும். இல்லாட்டி வேற ஆள்தான் பாக்கணும்."

அந்த மாதத்தின் கடைசி சனிக்கிழமைக்குள் தாள் வேண்டும் என்றார். ஊரில் அப்போது நடக்கவிருந்தது ஒன்றே ஒன்று. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று, உள்ளூர்க் கல்லூரி மண்டபத்தில் பொதுமக்களுக்காக எட்டு விரிவுரைகள் ஏற்பாடு செய்திருந்தது. கிழக்காசியாவின் வரலாறும் சமூகமும் என்பது தலைப்பு. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரை மணிக்கு. எட்டில் ஆறு கேட்டவர்களுக்குச் சான்றிதழ். குழந்தை வளர்ப்பைப் பற்றியோ துணி நெசவைப் பற்றியோ இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சீனாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் போனேன்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள், நெல்லித்தோப்பில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குச் சீனாவும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். விரிவுரைக்கு முன்னால் டீயும் பிஸ்கோத்தும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாள்.

மண்டப வாசலில் ஒரு மேசை. அதில் வருகைப் பதிவேடு. முதல் நாளன்று, நாங்கள் போவதற்குச் சற்று முன்வரை, அவரவரையே எழுதச் சொன்னார்களாம். வந்த பெரிய மனிதர்கள் பட்டம், பதவி, முன்னாள் பதவி எல்லாம் எழுதியதில் நாலு பேருக்கே ஒரு பக்கம் தீர்ந்துவிட்டதாம். அதனால் மேசைக்காரர் மட்டுமே பெயர் எழுதுவது, வருகிறவர்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது என்று ஆக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மேசையில் இருந்தவர் ஒரு பெரியவர். மெரியில், அதாவது பழைய நகராட்சியில், பிறப்பு இறப்பு எழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் கோயிலுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பல்கலைக்கழகத்தோடு வந்த எழுத்தர் உட்காருவார். முப்பது வயதிருக்கும், மெட்ராஸ்காரர்.

முதல் செவ்வாயன்று பெரியவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "அப்பா பேரு, மதாம்?" என்றார். அதையும் சொன்னேன். முதல் வெள்ளியன்று மெட்ராஸ்காரர், "ஹஸ்பெண்ட் பேரு சொல்லுங்க மேடம்" என்றார். சொல்லக் கூச்சப்பட்டு நின்றேன். நாத்தனார்தான் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொன்னோம், முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று குனிந்து பார்க்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. கையெழுத்து என்ற பெயரில் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அதற்காக என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த, பழைய பிரெஞ்சு சர்க்காரின் உள்ளூர் அதிகாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். தமிழுக்கு வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிகளில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியவில்லை. மறுபடியும் ஆங்கிலம். இப்படியே சீனாவின் இரண்டு அரச வம்சங்கள் போய்விட்டன. இதில் சைகோனில் சிப்பாயாக இருந்து வந்த ஒருவர், எந்தச் செய்தி வந்தாலும் எழுந்து நின்று, "நான் அங்க இருந்தப்போ அப்பிடி இல்லியே" என்பார். பேராசிரியர் ஜப்பானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாலும் சொல்வார். ஜப்பானுக்கு அவர் போனதே இல்லை.

நாத்தனார் டீ குடித்த கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவாள். நான் மட்டும் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தேன். புரிந்ததை எழுதினேன், புரியாததையும் எழுதினேன்.

ஐந்தாவது உரை எனக்கு நன்றாகப் புரிந்தது. குடும்பத்தைப் பற்றியது. சீனாவில் பெண் கல்யாணம் ஆனாலும் அப்பா வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பாள், கொரியாவிலும் அப்படித்தான், ஜப்பானிலோ கணவன் வீட்டுப் பதிவேட்டில் ஏறி அவர்கள் பெயருக்கு மாறிவிடுவாள் என்று பேராசிரியர் சொன்னார். மண்டபமே ஆச்சரியப்பட்டது. பக்கத்துப் பக்கத்து நாட்டில் இப்படி ஒரு வித்தியாசமா என்று தலைமை தாங்கியவர் பத்து நிமிடம் வியந்தார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் உறைக்கவில்லை.

எட்டாவது உரை வெள்ளிக்கிழமை. கடைசி நாள் என்று பெரியவரும் கோயிலை விட்டுவிட்டு வந்திருந்தார். நன்றியுரை முடிந்து சான்றிதழ் பெறுகிறவர்களின் பட்டியலை வாசித்தார்கள். நாத்தனார் பெயர் வந்தது. அவள் திடுக்கிட்டு விழித்து, மேடைக்குப் போய் வாங்கி வந்தாள். பட்டியல் முடிந்தது. என் பெயர் வரவில்லை.

"இன்னா அண்ணி இது? தூங்கினவளுக்குக் குடுத்துட்டு எழுதினவளுக்கு இல்லன்றானுங்க."

"மெதுவாப் பேசு."

"இந்தா, என்னுதை எடுத்துக்க. பேரை அழிச்சிட்டு உன் பேரைப் போட்டுக்க. நான் இதை வெச்சிக்கிட்டு சீனாவுலயா குடித்தனம் பண்ணப் போறேன்?"

"சும்மா இருடி."

"அப்ப போய்க் கேளு. நாளைக்கு வெறுங்கையோட போவியா?"

கேட்கப் போனேன். பெரியவர் பதிவேட்டைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கங்களில் என் பெயரும் என் அப்பா பெயரும் இருந்தன, நான்கு நாள். வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் என் பெயரே இல்லை. மிஸஸ் என்று போட்டு வீட்டுக்காரர் பெயர், அதுவும் நான்கு நாள். ஒவ்வொருவரும் அவரவர் பழைய பக்கத்தைப் பார்த்துப் பெயர்களை எழுதிவந்திருக்கிறார்கள். ஆக, இரண்டு பெண்கள் தலைக்கு நான்கு உரை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தகுதி இல்லை. நாத்தனாருக்கு இந்தத் தொல்லை வரவில்லை. அவளுக்கு எல்லா நாளும் ஒரே அப்பாதான்.

"நம்ம மேல தப்பு இல்ல, மதாம்," என்றார் பெரியவர். "முப்பது வருஷம் மெரியில எழுதின கை இது. பொம்பளைக்குப் பொறந்த அன்னிக்கி எழுதின பேருதான், செத்த அன்னிக்கும் எழுதுவோம். நடுவுல புருஷன் வருவான், போவான்."

"என்ன சார் பேசுறீங்க? மேரீட் லேடியை அப்பா பேர்ல எழுதினா எந்த ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க?" என்றார் மெட்ராஸ்காரர்.

"எங்க ஆபீஸ்ல."

"உங்க ஆபீஸ்தான் போயிடுச்சே சார்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதற்கப்புறம் அவர்கள் பேச்சில் நான் இல்லை. யாருடைய சர்க்கார் ஒழுங்கானது என்பதுதான் இருந்தது. கையெழுத்து எல்லா நாளும் ஒன்றுதானே என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை.

அந்த வழியாகப் பேராசிரியர் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். நாத்தனார்தான் விளக்கினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா? அவர் சீனா, இவர் ஜப்பான். அஞ்சாவது லெக்சர்ல நான் சொன்னது இதைத்தானே?"

சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்த ஊரில் சொல்வதற்கு நல்ல உதாரணம் என்றார். எனக்கு நன்றி சொன்னார். ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு, காத்திருந்த காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு மாதம் உட்கார்ந்து கேட்டவளுக்கு அவர் ஒரு கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

ஆபீஸில் என்ன பார்த்தார்கள் என்றால், இரண்டு பேரும் கூடி யோசித்து, இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா பெயரோடு இன்னார் நான்கு உரைகளுக்கு வந்தார். மிஸஸ் இன்னார் நான்கு உரைகளுக்கு வந்தார். ரொம்ப நியாயமாகத் தீர்த்துவிட்டதாக இருவருக்கும் திருப்தி. விளக்கை அணைக்கிறவர் வந்து கதவருகில் நின்றார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு எழுதிக் குடுங்க."

"மேடம், அதுக்கு ஃபார்ம் கிடையாது."

"ஃபார்ம் வேணாம். கையால எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

"நாளைக்கி வாங்களேன், மதாம்."

"நாளைக்கி நீங்க இங்க இருக்க மாட்டீங்க. அவரு மெட்ராஸ் போயிடுவாரு. நான் மட்டுந்தான் ரெண்டு பேரா இருப்பேன்."

விளக்கணைக்க வந்தவர் ஒரு பக்கத்து விளக்கை அணைத்துவிட்டார். பெரியவர் பெருமூச்சு விட்டு, பதிவேட்டின் பின்தாளைக் கிழித்தார். இப்படிப்பட்டவற்றுக்கு மெரியில் ஒரு வாசகம் உண்டாம். அதைப் பிரெஞ்சில் எழுதினார். மெட்ராஸ்காரர் பிரெஞ்சு புரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதற்குக் கீழே அவர் ஆங்கிலத்தில் எழுதினார். பெரியவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் ஒப்பமிட்டார். தமிழில் யாரும் எழுதவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எட்டு மணிக்கு மூன்று தாள்களையும் பள்ளியில் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துப் பார்த்து, இந்த வருடத்துக்குப் போதும் என்று கோப்பில் வைத்தார். ஒன்பது மணிக்கு வகுப்பு இருந்தது. போனேன்.